வி-கிராஸ்ல எந்த வேரியன்ட் எடுக்கலாம்? ஜிபி ரோட்டு ஆக்சசரீஸ் கடைல கிடைக்காததுக்கு மட்டும் காசு குடுங்க

இசுசுவோட வி-கிராஸ் பிக்கப் வாங்கணும்னு முடிவு பண்றது ஈசி பாஸ், அதுல எந்த வேரியன்ட்னு முடிவு பண்றதுக்குள்ளதான் மண்டை காஞ்சிடும். ஹைலேண்டர், இசட் ஆட்டோமேட்டிக், இசட் ஃபோர் பை ஃபோர் மேனுவல், இசட் பிரெஸ்டீஜ் மேனுவல், இசட் பிரெஸ்டீஜ் ஆட்டோமேட்டிக்னு ஏறக்குறைய ஒரே மூஞ்சி வச்சுக்கிட்டு அஞ்சு வண்டி நிக்குது, கீழ இருக்கறதுக்கும் மேல இருக்கறதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட பத்து லட்சம் வித்தியாசம். பத்து லட்சம்னா இன்னொரு சின்ன காரே வாங்கிடலாம். அந்த பணம் எங்க போகுது, அதுல எது நமக்கு உண்மையாவே வேணும், எது ஷோரூம் லைட்டு வெளிச்சத்துல மட்டும் ஆசை காட்டுதுங்கறதுதான் இந்த ரிவ்யூ.

நான் மடிப்பாக்கம், செய்யூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கு, வாரக்கடைசில உர மூட்டை, தென்னங்கன்னு, பைப்பு, சில நேரம் ரிப்பேரான மோட்டார்னு எதையாவது ஏத்திட்டு போறதும் வர்றதுமா இருப்பேன், நடுவுல டைம் கிடைச்சா நம்ம செட்டோட ஜவ்வாது மலை, கொல்லிமலை பக்கம். இதுக்குதான் வண்டி தேடினேன். டெய்லி ஓஎம்ஆர்ல ஆஃபீஸ் போய்வர்றதுக்கு மட்டும் தேடறவங்களுக்கு என் கணக்கு சில இடத்துல ஒத்து வராது, அது எங்கன்னு அங்கங்க சொல்லிடறேன்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா புரிஞ்சுக்கணும், எந்த வேரியன்ட் எடுத்தாலும் பானட்டுக்கு அடில இருக்கற எஞ்சின் ஒண்ணுதான். 1.9 லிட்டர் டீசல், 163 பிஎஸ், 360 நியூட்டன் மீட்டர். 2016ல முதல்ல வந்தப்போ 2.5 லிட்டர் எஞ்சின், 134 பிஎஸ், 320 நியூட்டன் மீட்டர்தான் இருந்துச்சு, 2021ல பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) வண்டி வந்தப்போ சின்ன எஞ்சினுக்கு மாறினாங்க, ஆனா பவர் ஏறிடுச்சு. பழைய ஆளுங்க இன்னும் அந்த 2.5 மாதிரி வராதுன்னு புலம்பறாங்க, எனக்கு அப்படி தோணல, ரெண்டாயிரம் ஆர்பிஎம் தொடற வரைக்கும் கொஞ்சம் தூங்கற மாதிரி இருக்கும், தொட்டதுக்கு அப்புறம் லோடோட திண்டிவனம் ரோட்டுல ஓவர்டேக் பண்ண யோசிக்கவே வேணாம். ஆக, கூட குடுக்கற காசுல ஒரு குதிரைத்திறன் கூட எக்ஸ்ட்ரா வராது. சேசிஸும் அதேதான், பின்னாடி லீஃப் ஸ்பிரிங், பின்னாடி டிரம் பிரேக், எல்லாத்துக்கும் பொது. காலி வண்டில வேளச்சேரி மெயின் ரோடு பள்ளத்துல ஏறி இறங்கும்போது பின்னாடி உக்காந்திருக்கறவங்க குதிக்கத்தான் செய்வாங்க, அதுக்கு பிரெஸ்டீஜ், இசட்னு பேதமே கிடையாது. உர மூட்டை நாலு போட்டீங்கன்னா வண்டி சமத்தா அடங்கிடும்.

அப்போ வித்தியாசம் எதுலதான்? நான் ஒரே ஒரு கேள்விய வச்சுக்கிட்டு லிஸ்ட்ட கிழிச்சேன். இது நாளைக்கு ஜிபி ரோட்டுல கிடைக்குமா? நம்ம ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான், மவுன்ட் ரோட்லேந்து உள்ள போனா ரெண்டு பக்கமும் கார் ஆக்சசரீஸ் கடையா இருக்குமே, அங்க போனா சீட் கவர், ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, ஆம்பியன்ட் லைட்டு, அலாய் வீல், ஃபுட் ஸ்டெப், பெட் லைனர் எல்லாம் மத்தியானத்துக்குள்ள மாட்டி குடுத்துடுவாங்க. ஆனா ஃபோர் பை ஃபோர் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் பவர நாலு சக்கரத்துக்கும் பிரிச்சு அனுப்பற பாகம்) எந்த கடைலயும் தொங்காது. ஏர்பேக் தொங்காது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தொங்காது. இந்த மூணுக்குதான் கம்பெனிக்கு காசு குடுக்கணும், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

விலைய சொல்லிடறேன். 2024 மே மாசம் பிரெஸ்டீஜ் அப்டேட் வந்தப்போ மேனுவல் 26.92 லட்சம், ஆட்டோமேட்டிக் 30.96 லட்சம், ரெண்டுமே சென்னை எக்ஸ் ஷோரூம். ஹைலேண்டர் அப்போ 21 லட்சத்து சொச்சம். நடுவுல இசட் ஆட்டோமேட்டிக்கும் இசட் ஃபோர் பை ஃபோர் மேனுவலும் 25 லட்சத்து சொச்சத்துல பக்கத்துல பக்கத்துல. அதுக்கப்புறம் விலை ஏறி இறங்கியிருக்கு, 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி மாத்தினாங்க, அதனால இன்னிக்கு லிஸ்ட்ட ஷோரூம்ல கேட்டு வாங்கிக்கோங்க, நான் இங்க பேசப்போறது வண்டிக்கும் வண்டிக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய பத்திதான்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல எக்ஸ் ஷோரூம் இடைவெளிய மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க. 2023 நவம்பர்ல தமிழ்நாட்டுல லைஃப் டாக்ஸ் ஏத்தினாங்களே, 20 லட்சத்துக்கு மேல போனா 20 சதவீதம். அதாவது வேரியன்ட்டுக்காக ஒரு லட்சம் கூட குடுத்தா அதுக்கு மேல இருபதாயிரம் ஆர்டிஓக்கு, அப்புறம் இன்சூரன்ஸ்லயும் கொஞ்சம் ஏறும். பிரெஸ்டீஜ் மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் நாலு லட்சம்னு போர்டுல எழுதியிருந்தா, ரோட்டுல இறங்கும்போது அது கிட்டத்தட்ட அஞ்சு. 10 லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு புடிக்கற ஒரு சதவீத டிசிஎஸ் (விக்கறவங்களே புடிச்சு கட்டற வருமான வரி) மட்டும் ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது கழிச்சுக்கலாம், அத செலவுல சேக்காதீங்க.

சரி, கீழேந்து வருவோம். ஹைலேண்டர். நம்ம செட்ல ஒருத்தர் வச்சிருக்கார், சோளிங்கர் பக்கம் கோழிப்பண்ணை வச்சிருக்கறவர். நல்லா ஓடற, சத்தமில்லாம வேலை பாக்கற வண்டி. ஸ்டீல் வீல், 16 இன்ச், மேனுவல் கியர், ரெண்டு வீல் டிரைவ், அவ்ளோதான். ஆஃப் ரோடு ஆளுங்களுக்கு இதுல ஒரு வேடிக்கையான விஷயம் இருக்கு, இதோட டயர் 245/70 ஆர்16, மேல இருக்கற மத்த நாலு வண்டிக்கும் 255/60 ஆர்18. கணக்கு போட்டு பாத்தா ஹைலேண்டர் டயரோட பக்கச்சுவர் 171 எம்எம் வருது, மத்ததுக்கு 153 தான். கல்லுல ஏத்தும்போதும், மணல்ல காத்த இறக்கிட்டு ஓட்டும்போதும் அந்த உயரமான பக்கச்சுவர்தான் உங்களுக்கு வேணும், அதாவது மலிவு வண்டிக்கு நல்ல டயர் அளவும் காஸ்ட்லி வண்டிக்கு ஃபோட்டோ டயர் அளவும் போட்டு குடுத்திருக்காங்க. ஸ்டீல் வீல் பள்ளத்துல வளைஞ்சா தட்டி நிமித்திடலாம், அலாய் விரிசல் விட்டா போச்சு.

ஆனா ஹைலேண்டர்ல ஃபோர் பை ஃபோர் கிடையாது, அங்கதான் கதை முடிஞ்சிடுது. பிக்கப்ல பின் சக்கரம்தான் தள்ளுது, லோடு பெட் காலியா இருந்தா பின்னாடி வெயிட்டே இல்ல, ஈர புல்லு, களிமண், கடற்கரை ஓர மணல்னு எது வந்தாலும் பின் டயர் சுத்திக்கிட்டு நிக்கும். மழைக்கு அப்புறம் வரப்ப ஒட்டின பாதைல சாதாரண ஹேட்ச்பேக் போய்டுது, காலியா வந்த ரெண்டு வீல் பிக்கப் நிக்குது, இத எங்க ஊர்ல கண்ணால பாத்திருக்கேன். அப்புறம் வெளில எங்கயாவது ஃபோர் பை ஃபோரா மாத்திக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஆர்சில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்த மோட்டார் வாகன சட்டமே விடாது, இன்சூரன்ஸ்காரன் கிளெய்ம் அன்னிக்கு சிரிச்சுட்டு போய்டுவான். தார் ரோடு, பண்ணை, லோடுன்னு மட்டும் இருக்கறவங்களுக்கு ஹைலேண்டர விட புத்திசாலித்தனமான வண்டி இந்த லிஸ்ட்லயே இல்ல. மலை, மணல்னு பேசறவங்க அடுத்த வரிக்கு வாங்க.

இசட் ஆட்டோமேட்டிக், அதாவது ரெண்டு வீல் டிரைவ். இத யாருக்காக செஞ்சாங்கன்னு எனக்கு புரியுது, ஆனா மனசு ஒத்துக்கல. இதுக்கும் இசட் ஃபோர் பை ஃபோர் மேனுவலுக்கும் நடுவுல அரை லட்சம் கூட வித்தியாசம் இல்ல. ஒரே காசுல கிளட்ச் மிதிக்காத வண்டியா, நாலு சக்கரமும் இழுக்கற வண்டியான்னு உங்கள நிக்க வச்சு கேக்கறாங்க. ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை நடக்கற இடத்துல காலைல ஒம்போது மணிக்கு மாட்டினவன் ஆட்டோமேட்டிக்னு சொல்லுவான், தப்பு சொல்ல முடியாது. ஆனா ஓஎம்ஆருக்கு மட்டும்தான்னா அஞ்சேகால் மீட்டருக்கு மேல நீளமான வண்டி எதுக்கு, அந்த காசுல வசதியான எஸ்யூவி எவ்வளவோ கிடக்கு.

நீளம்னு சொன்னதும் ஞாபகம் வருது, இது எல்லா வேரியன்ட்டுக்கும் பொது, ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி கண்டிப்பா பாக்கணும். வண்டி நீளம் 5.3 மீட்டர். நம்ம ஊர் அபார்ட்மென்ட்ல கார் பார்க்கிங் கோடு வழக்கமா 5 மீட்டர் நீளத்துக்குதான் போடுவாங்க. அதாவது மூஞ்சியோ வாலோ ஒரு அடி வெளில நீட்டிக்கிட்டு நிக்கும், அசோசியேஷன் மீட்டிங்ல உங்க பேரு அடிபடும். எங்க ஸ்டில்ட்ல தூண் ஓரமா இருக்கற இடம் கிடைச்சதால தப்பிச்சேன், எதிர் வரிசைல டேப் வச்சு அளந்து பாத்துட்டுதான் அட்வான்ஸ் குடுத்தேன். திரும்பற வட்டமும் பெருசு, டி நகர் உள் ரோட்டுல ஒரே மூச்சுல யூடர்ன் அடிக்கற கனவெல்லாம் வேணாம், முன்னாடி பின்னாடி ரெண்டு தடவ ஆட்டிதான் ஆகணும், பின்னாடி ஆட்டோக்காரர் ஹாரன்ல ஆசீர்வாதம் பண்ணுவார்.

இப்போ முக்கியமான சண்டை, இசட் ஃபோர் பை ஃபோர் மேனுவலா, பிரெஸ்டீஜ் மேனுவலா. ரெண்டுக்கும் நடுவுல ஒரு லட்சத்து சொச்சம், ஆன் ரோடு ஒண்ணேகால், ஒண்ணரைன்னு வச்சுக்கோங்க. ஃபோர் பை ஃபோர் சிஸ்டம் ரெண்டுலயும் ஒண்ணுதான், கியர் பக்கத்துல ஒரு திருகு இருக்கும், ரெண்டு வீல், ஃபோர் ஹை (நாலு சக்கரமும் சாதாரண வேகத்துல), ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவா, அதிக இழுவையோட). ஃபோர் ஹைக்கு ஓட்டிக்கிட்டே மாத்திக்கலாம், ஃபோர் லோக்கு நிறுத்தி நியூட்ரல் போட்டுட்டு மாத்தணும். பார்ட் டைம் சிஸ்டம்ங்கறதால காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் ஹை போட்டுக்கிட்டு ஓட்டக்கூடாது, திருப்பத்துல முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்தணும், நடுவுல அத விட்டுக்குடுக்க டிஃபரன்ஷியல் இல்ல, இழுத்து பிடிக்கும், நாளடைவுல உள்ள இருக்கறத தின்னுடும். இத ஷோரூம்ல யாரும் சொல்லி நான் கேட்டதில்ல, புதுசா ஃபோர் பை ஃபோர் வாங்கறவங்க தயவு செஞ்சு மேனுவல் புக்க படிங்க.

பிரெஸ்டீஜ்ல லெதர் சீட்டு வருது. அதுக்கு நான் அஞ்சு பைசா குடுக்க மாட்டேன். மே மாசம் மத்தியானம் மகாபலிபுரத்துல வெயில்ல நிறுத்திட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வேட்டியோட அந்த சீட்டுல உக்காந்து பாருங்க, தெரியும். துணி சீட்டுதான் நம்ம ஊருக்கு. வெளில கன்மெட்டல் கலர்ல அங்கங்க அலங்காரம், வீல் ஆர்ச்ல பிளாஸ்டிக் கிளாடிங், இதெல்லாம் பாக்க நல்லாதான் இருக்கு, இதுல பாதி ஜிபி ரோடு வகையறா. பவர் சீட்டு ஒரு தடவ அட்ஜஸ்ட் பண்ணா வருஷத்துக்கும் தொட மாட்டோம்.

ஆனா ஏர்பேக். இசட்ல முன்னாடி ரெண்டு, பிரெஸ்டீஜ்ல ஆறு. பக்கவாட்டுலயும் மேல கர்ட்டனும் வருது. ஈசிஆர்ல ராத்திரி கிராஸ் ரோட்டுலேந்து திடீர்னு வர்ற வண்டிங்கள பாத்தவங்களுக்கு இத விளக்க வேணாம். 2024 அப்டேட்ல பின் சீட்ல எல்லாருக்கும் மூணு பாயின்ட் பெல்ட்டும், போடலன்னா கத்தற ரிமைண்டரும் குடுத்தாங்க, பின் சீட்டோட முதுகையும் கொஞ்சம் சாய்ச்சிருக்காங்க. முன்னாடியெல்லாம் பிக்கப்ல பின் சீட்டுன்னா பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி விறைப்பா உக்காரணும், எங்க அப்பா அரை மணி நேரத்துல முட்டி வலிக்குதுன்னு சொல்லிடுவார், இதுல திருவண்ணாமலை வரைக்கும் முணுமுணுப்பு இல்லாம வந்தார். அதோட டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், ஹில் டிசென்ட் (இறக்கத்துல வண்டி வேகத்த தானா கட்டுப்படுத்தறது) எல்லாம் பிரெஸ்டீஜ்ல உண்டு, இசட்ல இதுல எதெல்லாம் இருக்குன்னு ஷோரூம்ல கேட்டுக்கோங்க.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஏன் இங்க பெரிய விஷயம்னா, நம்ம ஊர் வி-கிராஸ்ல டிஃப் லாக் (இடது, வலது சக்கரத்த ஒரே வேகத்துல சுத்த வைக்கற பூட்டு) கிடையாது. எந்த வேரியன்ட்லயும் கிடையாது. வெளிநாட்டுல 2019லயே வந்த புது தலைமுறை டி-மேக்ஸ் (வி-கிராஸ் அதோட ஒரு வகைதான்) இன்னும் நமக்கு வரல, நம்ம ஊர்ல விக்கறது அதுக்கு முந்தின பாடி. டிஃப் லாக் இல்லாம ஒரு முன் சக்கரமும் எதிர்மூலை பின் சக்கரமும் அந்தரத்துல தூக்கிட்டா, பவர் முழுக்க சும்மா சுத்தற சக்கரத்துக்கே போய்டும், ஃபோர் லோல போட்டாலும் வண்டி நகராது. அப்போ சுத்தற சக்கரத்த பிரேக் புடிச்சு, தரைல இருக்கற சக்கரத்துக்கு பவர தள்ளி விடறது இந்த டிராக்‌ஷன் கன்ட்ரோல்தான். ஜவ்வாது மலைல மழை அரிச்ச மண் பாதைல அப்படி ஒரு இடத்துல வண்டி நின்னுச்சு, பதறாம ஆக்சிலரேட்டர ஒரே சீரா மிதிச்சு வச்சிருந்தா டக்கு டக்குன்னு பிரேக் சத்தம் கேக்குது, அப்புறம் மெதுவா ஏறி வந்துடுது. டிஃப் லாக் அளவுக்கு வராதுதான், ஆனா நம்ம போற பாதைக்கு இது போதும். ஹில் டிசென்ட்ட நான் பெருசா நம்பல, மேனுவல்ல ஃபோர் லோ, முதல் கியர் போட்டு காலை எடுத்துட்டா எஞ்சினே வண்டிய பிடிச்சு இறக்கிடும், அத விட நல்ல டிசென்ட் கன்ட்ரோல் கிடையாது.

அதனால இந்த சண்டைல என் தீர்ப்பு பிரெஸ்டீஜ் மேனுவல், அதத்தான் எடுத்தேன். லெதருக்கு இல்ல, நாலு ஏர்பேக்குக்கு. தனியா மட்டும் ஓட்டறவங்க, பணத்த டயருக்கும் பெட் கேனபிக்கும் வைக்கணும்னு நினைக்கறவங்க இசட் எடுத்தா நான் சண்டைக்கு வர மாட்டேன், பின் சீட்ல குடும்பம் உக்கார்ற வண்டின்னா பிரெஸ்டீஜுக்கு கீழ போகாதீங்க.

எங்க மச்சான், அதாவது என் வைஃபோட தம்பி, கூடவே வந்து எல்லாத்தையும் ஓட்டி பாத்தான். அவனுக்கு ஆட்டோமேட்டிக்தான் வேணும்னு ஒரே பிடிவாதம். "மாமா, நீங்க வாரத்துல ரெண்டு நாள் செய்யூர் போவீங்க, மிச்ச அஞ்சு நாள் பள்ளிக்கரணை சிக்னல்லதான நிப்பீங்க, அங்க ஃபோர் லோவா போட போறீங்க?"ன்னு கேட்டான். கேள்வி நியாயம்தான். கிளட்ச்சும் ஒண்ணும் லேசு கிடையாது, ட்ராஃபிக்ல இடது கால் கேக்கும். ஆட்டோமேட்டிக் ஆறு ஸ்பீடு, நிதானமான பாக்ஸ், அவசரப்பட்டு மிதிச்சா ஒரு நொடி யோசிச்சுட்டுதான் இறங்கும், ஆனா ஊர்ந்து போற ட்ராஃபிக்ல வெண்ணெய் மாதிரி இருக்கு. மணல்லயும் ஆட்டோமேட்டிக்தான் நல்லாருக்கும், கியர் மாத்தற நேரத்துல வேகம் அறுந்து வண்டி புதையறது நடக்காது. இதெல்லாம் சரி, ஆனா ஆன் ரோடு அஞ்சு லட்சம்டா தம்பி.

அந்த அஞ்சு லட்சத்துலதான் ஒரு புது வில்லன் வந்து உக்கார்றான், ஹைலக்ஸ் ஸ்டாண்டர்ட். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்கு 2022 மார்ச்ல விலை சொன்னப்போ ஸ்டாண்டர்ட் 33.99 லட்சம், அடுத்த வருஷமே அத 30.40 லட்சத்துக்கு இறக்கிட்டாங்க. கவனிங்க, 2024 லிஸ்ட்ல வி-கிராஸ் பிரெஸ்டீஜ் ஆட்டோமேட்டிக் 30.96. அதாவது அதே காசுல 2.8 லிட்டர் எஞ்சின், 204 பிஎஸ், மேனுவல்ல 420 நியூட்டன் மீட்டர், பின்னாடி எலக்ட்ரானிக் டிஃப் லாக், கம்பெனியே 700 எம்எம் தண்ணில இறங்கலாம்னு சொல்ற வண்டி. இந்த இடத்துல எனக்கே ஒரு ரெண்டு ராத்திரி தூக்கம் வரல.

ஸ்டாண்டர்ட்ல என்ன குறைச்சிருக்காங்கன்னு பாத்தா, ஹெட்லைட்டு ஹாலஜன், துணி சீட்டு, ஏசி கைல திருப்பற டைப்பு, 17 இன்ச் வீல். துணி சீட்டு நமக்கு பிடிச்சதே, 17 இன்ச்சும் ஆஃப் ரோடுக்கு நல்லதே, ஹெட்லைட்டு வெளில சரி பண்ணிக்கலாம். ஜிபி ரோடு டெஸ்ட்ல இது டிஸ்டிங்ஷன்ல பாஸ். இதுக்கு மேல இருக்கற ஹைங்கற வேரியன்ட்ல மேனுவல் வண்டிய 37.15 லட்சம்னு ஏத்தினாங்க, ஏழு லட்சத்துக்கு எல்ஈடி லைட்டும் லெதரும் 18 இன்ச்சும் ஆட்டோ ஏசியும், அந்த இடைவெளிய நியாயப்படுத்த என்னால முடியல. ஹை ஆட்டோமேட்டிக்னாலாவது 500 நியூட்டன் மீட்டர் கிடைக்குது, அது இயந்திரத்துல நிஜமா வர்ற வித்தியாசம், அதுக்கு காசு குடுக்கறவங்கள புரிஞ்சுக்க முடியுது. ஹை மேனுவல் யாருக்குன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

அதனால மச்சான்கிட்ட நான் சொன்னது, முப்பது லட்சத்த தாண்டறதுன்னு ஆச்சுன்னா கால் வலிக்குன்னு தாண்டாத, மலைக்காக தாண்டு. சிட்டி ட்ராஃபிக்தான் உன் பிரச்சனைன்னா பிரெஸ்டீஜ் ஆட்டோ, ஆஃப் ரோடுதான் உன் வெறின்னா ஹைலக்ஸ் ஸ்டாண்டர்ட். எனக்கு நாலஞ்சு லட்சம் மிச்சம் ஆகறதுதான் பெருசா பட்டுது, அதுலேந்து கொஞ்சத்த எடுத்து ஆல் டெரெயின் டயர் போட்டேன், கம்பெனி டயர் ஹைவேக்கு செஞ்சது, ஈர களிமண்ல ரெண்டு சுத்துல வழவழன்னு ஆயிடும். வேரியன்ட் மாத்தறதால வர்ற வித்தியாசத்த விட டயர் மாத்தறதால வர்ற வித்தியாசம் பெருசு, இத நான் எந்த சபைலயும் சொல்லுவேன். என்ன, ரோட்டுல கொஞ்சம் உறுமல் சத்தம் வரும், மைலேஜ் லேசா இறங்கும்.

வெள்ளத்த பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் சென்னைல பிக்கப் கேக்கறவங்க பாதிப்பேர் முடிச்சூர், பெரும்பாக்கம், வேளச்சேரின்னு சொல்லிக்கிட்டுதான் வர்றாங்க. கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 எம்எம் சொச்சம் இருக்கறதால இடுப்பளவு தண்ணில போய்டலாம்னு நினைக்காதீங்க. கிளியரன்ஸ் வேற, எஞ்சின் காத்து இழுக்கற உயரம் வேற. உசந்த வேரியன்ட் எடுத்தாலும் காத்து இழுக்கற இடம் மேல ஏறிடாது. தண்ணி பம்பர் உயரத்துக்கு வந்தா நிறுத்திட்டு இறங்கி நடங்க.

டீசல் புகை ஃபில்டர் விஷயமும் யாரும் சொல்ல மாட்டாங்க. பிஎஸ்6 டீசல்ல டிபிஎஃப்னு புகைல இருக்கற கரிய புடிக்கற ஃபில்டர் இருக்கு, டெய்லி மூணு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தினா கரி அடைச்சுக்கும், அப்பப்போ ஜிஎஸ்டி ரோடு, பைபாஸ்னு ஒரே வேகத்துல ஒரு அரை மணி நேரம் விடணும். பக்கத்து தெரு ஸ்கூல் டிராப்புக்கு மட்டும் ஆட்டோமேட்டிக் பிரெஸ்டீஜ் எடுக்கறவங்க இத யோசிச்சுக்கோங்க.

சர்வீஸ் பக்கம் சென்னைக்காரங்களுக்கு ஒரு நிம்மதி, இசுசு இந்தியாவோட தலைமையகமே இங்கதான், ஃபேக்டரி தடா பக்கம் ஸ்ரீசிட்டில, 2016லேந்து ஓடுது. ஆனா ஷோரூமுக்கு ஷோரூம் ஆளுங்க தரம் மாறும். நான் போன ஒரு இடத்துல ஃபோர் பை ஃபோர் டெமோ வண்டியே இல்ல, ரெண்டு வீல் ஆட்டோமேட்டிக்க காட்டி "எல்லாம் ஒண்ணுதான் சார், சிட்டில எதுக்கு ஃபோர் பை ஃபோர்"னு தள்ளி விட பாத்தாங்க, ஸ்டாக்ல அதுதான் நின்னுக்கிட்டிருந்துச்சு போல. இன்னொரு இடத்துல ஒரு பொண்ணு, சேல்ஸ்லதான், பக்கத்துல இருந்த மண் மேட்டுல தானே ஓட்டி காட்டிட்டு சாவிய குடுத்துச்சு. அங்கதான் புக் பண்ணேன்.

ஆக்சசரீஸ்ல ரெண்டு எச்சரிக்கை. முன்னாடி இரும்பு பம்பர், புல் பார் மாட்டறது 2017 டிசம்பர்லேந்து தடை, ஏர்பேக் சென்சார் வேலைய அது கெடுக்கும், ஆறு ஏர்பேக்குக்கு காசு குடுத்துட்டு அதுக்கு முன்னாடி ஒரு கம்பிய கட்டறதுல அர்த்தமே இல்ல. ரெண்டாவது, வெள்ளை போர்டு பிக்கப்ல சொந்த சாமான் ஏத்தலாம், பின்னாடி ஆள் ஏத்தக்கூடாது. ஊர் திருவிழாவுக்கு போனா இதுதான் தொல்லை, "தம்பி, இவ்ளோ இடம் இருக்கே, குட்டி யானைல ஏத்தற மாதிரி நாங்க எட்டு பேர் பின்னாடி நின்னுக்கறோம்"னு பெரியப்பா ஆரம்பிப்பார், கண்டிப்பா முடியாதுன்னு சொல்ல பழகிக்கோங்க.

டெலிவரி எடுக்கற அன்னிக்கு மாலை, கேக்கு, ஃபோட்டோவுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. ஷோரூம் பக்கத்துல மண் தரை இருந்தா அங்க கொண்டுபோய் வண்டிய நிறுத்தி, நியூட்ரல் போட்டு ஃபோர் லோக்கு திருப்புங்க, மீட்டர்ல அந்த விளக்கு கண் சிமிட்டறது நின்னு சீரா எரியுதான்னு பாருங்க, நேரா ஒரு பத்து மீட்டர் உருட்டி திரும்ப ரெண்டு வீலுக்கு கொண்டு வாங்க. அடில ஸ்டெப்னி இறக்கற கைப்பிடிய எடுத்து டயர ஒரு தடவ இறக்கி ஏத்தியும் பாத்துடுங்க, டயர் வண்டிக்கு அடில தொங்குது, ராத்திரி நேரத்துல மலைல முதல் தடவையா அத கத்துக்கறது ரொம்ப கஷ்டம்.